ஒட்டு

நாளைக் காற்றில் நீரிணையை மூடிவிடுவார்கள் என்று
வானொலி சொன்னதாம்.
ஒரு நாள் முன்னதாகவே படகேறி வந்துவிட்டான் அனிசெத்தோ.
தோளில் பை, பையில் மாற்றுச் சட்டை,
காகிதத்தில் மடித்த காலை மாத்திரை.
ரத்தம் கொடுத்த பிறகுதான் அதை விழுங்கவேண்டும்.
ரத்தம் எடுப்பது ஏழு மணிக்கு.
போர்வெனீரிலிருந்து அந்த நேரத்துக்கு வந்துசேரப் படகில்லை.
அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை
என் சோபாவில் தூங்குகிறான்,
ஐந்து வருடம் முன்பு வரை என் கணவனாக இருந்தவன்.

இப்போதைய மனைவி ஒரு சீஸ் கட்டி கொடுத்தனுப்பியிருந்தாள்.
ஆட்டுப்பால்.
நன்றாகத்தான் இருந்தது.

ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று
நீதிபதி முன்னால் கையெழுத்துப் போட்டோம்.
உறவு போயிற்று.
ஒட்டு மட்டும் அவன் வலது அடிவயிற்றில்
வழக்கு விவரம் எதுவும் தெரியாமல்
சிறுநீர் பிரித்துக்கொண்டிருக்கிறது.

முன்பெல்லாம் கிரியாட்டினின் ஒன்றுதான் கணக்கு.
அது மெதுவாக வாய் திறக்கும்,
கூரை பாதி எரிந்தபின் கதவைத் தட்டி
‘புகை வருகிறதே’ என்னும் பக்கத்து வீட்டுக்காரன்போல.
இப்போது வேறொரு சோதனை.
குழாயில் பிடித்த அவன் ரத்தத்தில்
என்னைத் தேடுகிறார்கள்.

செத்த அணுக்களிலிருந்து உதிர்ந்து
உதிரத்தில் மிதக்கும் துணுக்குகள்,
என் மரபணுவின் கந்தல்கள்.
நூற்றில் அவை எத்தனை?
அரைக்கும் கீழே என்றால் நிம்மதி.
ஒன்றைத் தாண்டினால்
அவன் உடம்பு என்னைக் கிழிக்கத் தொடங்கியிருக்கலாம்.

அவன் ரத்தத்தில் நான் எவ்வளவு குறைவோ
அவ்வளவு நன்றாக இருக்கிறேன்.
கல்யாணத்தன்று யாராவது சொல்லியிருக்கலாம்.

காலையில் தெருவோரம் கட்டிய கயிற்றைப் பிடித்து நடந்தோம்.
காற்று அவன் தொப்பியைக் கொண்டுபோனது.
துரத்தவில்லை, சிறுநீரகத்தைக் குலுக்கக்கூடாதாம்.
அப்படி ஒரு விதியே கிடையாது.

ஊசி போட வந்த பெண் புதியவள்.
‘நீங்கள் இவருக்கு யார்?’ என்றாள்.
நான் வார்த்தை தேடுவதற்குள்
‘இடது சிறுநீரகம்’ என்றான் அவன்.
அவள் சிரித்து ஊசியைத் தவறவிட்டு
மறுகையில் குத்தினாள்.
குழாய் நிறைந்தது.
மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினான்.

குழாய் சாந்தியாகோவுக்குப் பறந்தது.
அங்கிருந்து எங்கே என்று யாரும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் ஃபோன்.
எப்போதும் எடுத்தவுடன் எண்ணைச் சொல்வான்:
பூஜ்யம் புள்ளி இரண்டு, பூஜ்யம் புள்ளி மூன்று.
நானும் ‘சரி’ என்று வைத்துவிடுவேன்.
இந்தமுறை வானிலை பேசினான்.
ஆடுகளுக்குக் கத்தரி போடும் பருவம் பற்றிப் பேசினான்.
‘எவ்வளவு?’ என்றேன்.
ஒன்று புள்ளி நான்கு.

ஒரு வேளைகூட மாத்திரை தவறவில்லை என்று சத்தியம் செய்தான்.
ஒரு காலத்தில் அவன் பொய்யை
மூச்சிலேயே பிடித்துவிடுவேன்.
இப்போது அந்த வேலை ரத்தத்துக்கு.

மறுபடி படகு. மறுபடி சோபா.
நாளை நீண்ட ஊசியால் ஒட்டிலிருந்து
ஒரு துளிச் சதையைக் கிள்ளி எடுப்பார்கள்.
சாப்பிட உட்கார்ந்தோம்.
அவன் உப்பில்லாத சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தான்,
என் கை தானாக இடுப்புத் தழும்பின்மேல் இருந்தது.

மணி ஏழு.
மாலை மாத்திரைக்கு அவன் செல்பேசி அலறியது.
சமையலறை மேடையில்
என் செல்பேசியும்.

ஐந்து வருடமாக அழிக்காமல் வைத்திருக்கிறேன்.
அவன் என்னைப் பார்க்கவில்லை.
இரண்டையும் யாரும் நிறுத்தவில்லை,
கொஞ்ச நேரம்.